பிளாஷ் வெளிச்சமும் நம் சரக்கின் படமும்

சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்கும் வழக்கம் இன்னும் போய்விடவில்லை. ஆயினும் வெளியூர் வாடிக்கையாளர் இன்று முதலில் கேட்பது “ஒரு படம் அனுப்புங்கள்” என்பதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பரவியபின் பார்சல் ஆர்டரும் வருகிறது. வருகிற ஆர்டர் நிலைப்பதும் நழுவுவதும் பல நேரங்களில் அந்த ஒரு படத்தைப் பொறுத்தே இருக்கிறது.

இரவில் கடை அடைக்கும் நேரத்தில் அவசரமாகப் பிளாஷ் போட்டு எடுத்த படத்தைப் பாருங்கள். பால்கோவாவின் இளம் பழுப்பு நிறம் வெளுத்து, மேலே நெய்ப்பசை திட்டுத் திட்டாக மின்னும். பருப்புப் பாக்கெட்டின் நடுவில் வெள்ளை வட்டம் விழுந்து, எடையும் விலையும் மறைந்துவிடும். பின்சுவரில் கறுப்பு நிழல் நிற்கும். சரக்கு முதல் தரம். படமோ மூன்றாம் தரம்.

காரணம் என்ன?

பிளாஷின் முகப்பு மிகச் சிறியது. சிறிய இடத்திலிருந்து வரும் வெளிச்சம் நிழலைக் கத்தியால் வெட்டியதுபோல் காட்டும். பளபளப்பான உறையில் பட்டால் கண்ணாடியில் பட்டதுபோல் நேரே திரும்பி லென்சுக்குள் வரும். வெளிச்சம் அகன்ற பரப்பிலிருந்து வந்தால் நிழலின் ஓரம் மங்கும். மினுக்கமும் பரவி அடங்கும். மேகம் மூடிய நாளில் நிழல் தெரியாததும் இதனால்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளாஷின் மேல் காகிதத்தை ஒட்டிவிட்டால் வெளிச்சம் குறையுமே தவிர, மென்மை அவ்வளவாக வராது. பரப்பு பெரிதாக வேண்டும். கடைகளில் விற்கும் ‘டிப்யூசர்’ செய்யும் வேலை இதுவே. அதை நாமே செய்துகொள்ளலாம்.

கையில் உள்ளதைக் கொண்டு

முதலாவது, தலை திரும்பும் தனிப் பிளாஷ் உள்ள கேமரா வைத்திருப்போர், பிளாஷை மேல்நோக்கித் திருப்பி வெள்ளைக் கூரையில் அடிக்கலாம். கூரை முழுவதும் விளக்காகிவிடும். கூரை உயரமாகவோ கறுத்தோ இருந்தால், அஞ்சலட்டை அளவுக்குச் சற்றுப் பெரிய வெள்ளை அட்டையை ரப்பர் பேண்டால் பிளாஷின் பின்புறம் கட்டி, முன்னே சாய்த்துக்கொள்ளலாம். வர்ணம் பூசிய கூரையில் அடித்தால் அந்த வர்ணம் சரக்கின் மேலும் ஏறும்.

இரண்டாவது, செல்போனில் எடுப்போர். அதன் பிளாஷ் லென்சை ஒட்டியே இருப்பதால் அதை அணைத்துவிடுவதே நல்லது. ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து, இரு பக்கமும் மேல்பக்கமும் சன்னல்போல் வெட்டி, வெள்ளைத் துணியால் மூட வேண்டும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்பெற்ற ஊர். அந்தத் துணியே இதற்குப் போதும். ஆனால் அது இடைவெளி விட்டு நெய்தது. ஒற்றையாய்க் கட்டினால் வெளிச்சம் அப்படியே நுழைந்துவிடும். நான்கு மடிப்பாவது வேண்டும். இனிப்புக்கு விரிக்கும் பட்டர் பேப்பரும் உதவும். மஞ்சள் சாயல் இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

பெட்டிக்குள் வெள்ளைச் சார்ட் தாளை மடிப்பு விழாமல் வளைத்துப் பின்சுவரும் தரையுமாக விரித்து, சரக்கை அதன்மேல் வைக்க வேண்டும். எல்.இ.டி. பல்பைத் துணிக்கு வெளியே ஓர் அடி தள்ளிப் பிடித்தால் துணி முழுவதும் ஒளிரும். துணியோடு ஒட்டிப் பிடித்தால் நடுவில் மட்டும் ஒளிரும், அதில் பயனில்லை. பல்பைத் தள்ளத் தள்ள வெளிச்சம் வேகமாகக் குறையும். தூரம் இரட்டித்தால் கால் பங்கே மிஞ்சும். எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மோகோல் பலகை நிறுத்தினால் நிழல் பக்கமும் தெளியும்.

சூடேறும் குண்டு பல்பு, ஹாலஜன் விளக்கு ஆகியவற்றைத் துணி, காகிதம், தெர்மோகோல் அருகே கொண்டுபோகவே கூடாது. சரக்கும் சாக்கும் அடுக்கிய இடத்தில் தீப்பொறி ஒன்று போதும்.

சோதித்துப் பார்க்க

சரக்கு இருக்கும் இடத்தில் ஒரு தீக்குச்சியை நட்டுப் பாருங்கள். நிழலின் ஓரம் கூர்மையாக இருந்தால் வெளிச்சப் பரப்பு போதவில்லை. மங்கிக் கரைந்தால் சரி. உறையில் இன்னமும் மினுக்கம் தெரிந்தால் பல்பைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். அல்லது பாக்கெட்டைச் சற்றே சாயுங்கள். டியூப் லைட்டும் பல்பும் கலந்து எரிந்தால் நிறம் கெடும், ஒன்றை அணைத்துவிடுங்கள்.

இணையத்தில் விற்போர் ஒன்றை மறக்கக் கூடாது. பொட்டலப் பொருள்களின் நிகர எடை, அதிகபட்ச விலை முதலிய விவரங்களை விற்பனைத் தளத்திலும் காட்ட வேண்டும் என்ற விதி 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. உறைப் படத்தில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் வாங்குவோரின் சந்தேகமும் தீரும்.

படம் சரக்கை விட அழகாக இருக்க வேண்டியதில்லை. வெளுத்துத் தெரிந்த பருப்பைப் பார்த்து வாங்கியவர், மஞ்சளாகப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது சண்டைக்கு வருவார். திருப்பி அனுப்பும் கூலி நம் தலையில் விழும். உள்ளதை உள்ளபடி காட்டும் வெளிச்சமே வியாபாரத்துக்கு ஏற்றது. அதற்கு ஆகும் செலவு ஒரு பழைய பெட்டியும் சில முழம் துணியும்தான்.