உங்க பேர்ல இன்னொருத்தர்: அடையாளத் திருட்டுக்கு அப்புறம் என்ன பண்ணணும்?

நம்ம ஏரியாவுல காலேஜ் படிக்கிற பிள்ளைகளுக்கு வீட்டுல ஒரு எக்ஸ்ட்ரா வேலை உண்டு: பேங்க் வேலை. கழுகுமலை, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் கதை ஒண்ணுதான். அம்மாவோட தீப்பெட்டி ஆபீஸ் சம்பளம், ஆச்சியோட முதியோர் பென்ஷன், மாசம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை, அப்பாவோட பி.எம். கிசான் தவணை, உளுந்தும் மக்காச்சோளமும் வித்த காசு. எல்லாம் ஏறிடுச்சான்னு பார்க்குறது நம்ம போன்லதான். பல வீட்டுல ஓடிபி வர்றதும் நம்ம நம்பருக்குத்தான்.

அதனால ஒரு அடையாளத் திருட்டு நடந்தா, போறது நம்ம பாக்கெட் மணி மட்டும் இல்ல, ஒரு குடும்பத்தோட வருஷ வரவும்தான். "ஓடிபி சொல்லாதே"ங்குறது எல்லாருக்கும் தெரியும். நடந்த பிறகு எந்த வரிசையில என்ன செய்யணும்ங்குறதுதான் நிறையப் பேருக்குத் தெரியல. இந்தக் கட்டுரை அதுக்குத்தான்.

பணம் போறது வேற, பேர் போறது வேற

கார்டைத் திருடி பணம் எடுத்தா அது பணத் திருட்டு. ஆதார், பான், கைரேகை, சிம் இதெல்லாம் வச்சு "நான்தான் நீ"ன்னு ஒருத்தன் நடிச்சா அது அடையாளத் திருட்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் இதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ரெண்டு உண்மைச் சம்பவம் பாருங்க. 2018-ல் தெலங்கானாவில் ஒரு சிம் வியாபாரி, பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து கைரேகைகளை எடுத்து ரப்பரில் நகல் செய்தார். அதை வைத்து ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்தார். எதுக்கு? விற்பனை டார்கெட்டை முடிக்க! நிலம் வாங்கினவங்க யாரும் யாருக்கும் ஓடிபி சொல்லல.

2022 பிப்ரவரியில் தானி என்ற கடன் செயலியில், தங்கள் பான் எண்ணை வைத்து யாரோ கடன் வாங்கியிருப்பதாகப் பலர் புகார் சொன்னார்கள். நடிகை சன்னி லியோனும் அதில் ஒருவர். அவர் சொன்ன கடன் தொகை வெறும் 2,000 ரூபாய். ஆனா கட்டாத கடன் சின்னதா இருந்தாலும் சிபில்ல விழும். நாளைக்கு நாம பைக் லோனோ வீட்டு லோனோ கேட்கும்போதுதான் அது தெரியவரும்.

94,204 ரூபாய் 80 காசு

இந்த விஷயத்துல நாம தெரிஞ்சிக்க வேண்டிய வழக்கு ஒண்ணு இருக்கு. 2021-ல் அஸ்ஸாமைச் சேர்ந்த ஒருவர், ஆன்லைனில் வாங்கிய துணியைத் திருப்பி அனுப்ப முயன்றார். கஸ்டமர் கேர் என்று சொல்லி ஒரு போன் வந்தது. அவர்கள் சொன்ன செயலியை இறக்கினார். அவருடைய பாரத ஸ்டேட் வங்கிக் கணக்கிலிருந்து 94,204 ரூபாய் 80 காசு போய்விட்டது.

ஓடிபியையும் பின் நம்பரையும் அவர்தான் பகிர்ந்தார், அதனால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்றது வங்கி. அவர் அதை மறுத்தார். வழக்கு கவுஹாத்தி உயர் நீதிமன்றம் போனது. வாடிக்கையாளர் அலட்சியமாக இருந்ததற்கு ஆதாரம் இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பு வந்தது. வங்கி உச்ச நீதிமன்றம் வரை போயும், 2025 ஜனவரியில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தலையிட மறுத்துவிட்டது. 24 மணி நேரத்துக்குள் அவர் வங்கிக்குத் தகவல் கொடுத்துவிட்டார் என்பதை நீதிமன்றம் குறிப்பிட்டது. ஓடிபியைப் பகிராமல் வாடிக்கையாளர்களும் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

அவரை ஜெயிக்க வச்சதுல பெரிய பங்கு ரெண்டு விஷயத்துக்கு: சீக்கிரம் சொன்னார், சொன்னதுக்கு ரெக்கார்டு இருந்துச்சு. கீழ வர்ற எல்லா ஸ்டெப்பும் இந்த ரெண்டுக்குத்தான்.

முதல் ஒரு மணி நேரம்

1. 1930-க்கு போன். மோசடிப் பணம் ஒரே கணக்குல உட்கார்ந்திருக்காது. அஞ்சு பத்து கணக்கு தாண்டி எங்கேயாவது ஏடிஎம்ல வெளிய வந்துடும். 1930-ல சொன்னதும் அந்தத் தகவல் பணம் போன வங்கிகளுக்குப் போகும். இன்னும் வெளிய எடுக்காத தொகையை அவங்க நிறுத்தி வைப்பாங்க. கணக்கு எண், தொகை, தேதி, நேரம், யூடிஆர் எண் கையில இருக்கட்டும். யூடிஆர் எண் யூபிஐ செயலியோட ஹிஸ்டரியிலேயே இருக்கும்.

2. வங்கிக்கு போன். கார்டு, நெட் பேங்கிங், யூபிஐ மூணையும் பிளாக் பண்ணச் சொல்லுங்க. புகார் எண் வாங்காம போனை வைக்காதீங்க.

3. தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் முழுப் புகார். 1930-ல் கொடுத்த எண்ணை வைத்து 24 மணி நேரத்துக்குள் இதை முடிக்கணும்.

4. எதையும் அழிக்காதீங்க. கோபத்துல வாட்ஸ்அப் சாட்டையும் கால் ஹிஸ்டரியையும் டெலீட் பண்றவங்க நிறைய. ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அப்படியே விடுங்க. சந்தேகமான செயலி போன்ல இருந்தா முதல்ல டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு, வேற போன்ல இருந்து பாஸ்வேர்டு எல்லாம் மாத்துங்க.

போன்ல திடீர்னு சிக்னல் போய் "நோ சர்வீஸ்"னு வந்தா டவர் பிரச்சனைன்னு விட்டுடாதீங்க. உங்க நம்பருக்கு வேற யாரோ டூப்ளிகேட் சிம் எடுத்திருக்கலாம். பக்கத்துல இருக்குற போன்ல இருந்து உடனே கம்பெனிக்குக் கூப்பிட்டுக் கேளுங்க.

மூணு வேலை நாள்

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி போட்ட ஒரு சுற்றறிக்கைதான் நம்ம கையில இருக்குற ஆயுதம். அதன் சுருக்கம்:

- தவறு வங்கியுடையது என்றால் நமக்கு நஷ்டம் பூஜ்யம்.
- தவறு வங்கியுடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை, வேறெங்கோ ஓட்டை என்றால்: வங்கியின் தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் பூஜ்யம். தகவல் வந்த நாள் கணக்கில் சேராது.
- 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால் ஒரு பரிவர்த்தனைக்கு ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்கில் அதிகபட்சம் 5,000 ரூபாய், சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை நம் பொறுப்பு.
- 7 நாள் தாண்டினால் வங்கியின் கொள்கைப்படி.
- ஓடிபி, பின் நாமே கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரை போனது நம் நஷ்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம்.

கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. நம்ம மேலேயே தப்பு இருந்தாலும் உடனே சொல்றதுல லாபம் இருக்கு. வீட்டுல திட்டுவாங்கன்னு ரெண்டு நாள் மறைச்சா, அந்த ரெண்டு நாள் நஷ்டமும் நம்ம தலையிலதான். இதை அப்பா அம்மாகிட்டயும் சொல்லி வைங்க. அவங்களும் நம்மகிட்ட சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பாங்க.

போன்ல சொன்னது போதாது. கிளைக்குப் போய் ஒரு கடிதம் கொடுத்து, நகல்ல சீல் போட்டு வாங்குங்க. போலீஸ் ஸ்டேஷன்ல புகார் கொடுத்தா சிஎஸ்ஆர் ரசீது கேளுங்க. அதே சுற்றறிக்கைப்படி, நாம் சொன்ன 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்கணும். 90 நாளில் முடிவு சொல்லணும். தப்பு நம்முடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்குத்தான். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். உதவி எண் 14448.

பேரைச் சுத்தம் பண்றது

பணம் திரும்ப வந்தாலும் வேலை முடியல. நம்ம பேர்ல வேற என்ன திறந்திருக்குன்னு பார்க்கணும்.

சிம்: சஞ்சார் சாத்தி இணையதளம் 2023 மே மாதம் வந்தது. நம்ம நம்பர் போட்டு ஓடிபி கொடுத்தா, நம்ம பேர்ல எத்தனை இணைப்பு இருக்குன்னு காட்டும். நம்மளோடது இல்லாததை அங்கேயே ரிப்போர்ட் பண்ணலாம்.

கடன்: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நாலு கம்பெனி. ஒவ்வொண்ணுலயும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். தெரியாத கடன் இருந்தா டிஸ்ப்யூட் போடுங்க. 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் அதற்குமேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரலிலிருந்து விதி.

பான்: ஜிஎஸ்டி இணையதளத்துல பான் நம்பர் போட்டுத் தேடினா, அந்தப் பான்ல கம்பெனி ஏதாவது பதிவாகியிருக்கான்னு தெரியும். நமக்குப் பார்த்த கையோட அப்பா அம்மாவுக்கும் பாருங்க.

பஸ்ல பர்ஸ் தொலைஞ்சு அதுல ஆதாரோ பானோ போயிடுச்சா? தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கையை ஆன்லைனிலேயே எடுத்துடுங்க. பின்னாடி யாராவது அதைத் தப்பா பயன்படுத்தினா, அது நம்ம கையில இல்லைங்குறதுக்குத் தேதியோட ஒரு சாட்சி.

கைரேகை மெஷின்

நம்ம ஊர்ப்பக்கம் இது முக்கியம். கிராமத்துல வங்கி முகவரும் போஸ்ட்மேனும் கொண்டு வர்ற மெஷின்ல ஆதார் எண், வங்கிப் பேர், கைரேகை இருந்தா போதும், பணம் எடுக்கலாம். ஓடிபி கிடையாது. டவுனுக்குப் பஸ் ஏற முடியாத ஆச்சிக்கு இது பெரிய வசதி. ஆனா கைரேகையை நகல் எடுத்தவனுக்கும் அதே வசதிதான். 2023 பிப்ரவரியில் ஆதார் ஆணையம், வைப்பது உயிருள்ள விரலா என்று சோதிக்கும் கூடுதல் பாதுகாப்பைக் கொண்டு வந்தது.

நாம செய்யக்கூடியது பயோமெட்ரிக் லாக். ஆதார் செயலியில நாமளே போடலாம். அது போட்டா கைரேகை எங்கேயும் செல்லாது. "அப்போ ஆச்சி எப்படிப் பணம் எடுக்கும்?" பணம் எடுக்குற அன்னிக்கு கொஞ்ச நேரத்துக்கு மட்டும் திறந்துவிடலாம், அது தானா பூட்டிக்கும். ஆச்சியோட ஆதாரை நம்ம போன் நம்பரோட இணைச்சிருந்தா, ஹாஸ்டல்ல இருந்தே இதைச் செய்யலாம். மெஷின்ல விரல் வச்சா ரசீது கேட்டு வாங்கச் சொல்லுங்க. "சரியா விழல, இன்னொரு தடவை வைங்க"ன்னா, முதல் தடவை பணம் எடுத்துடுச்சான்னு பார்த்துட்டு வைக்கச் சொல்லுங்க.

அக்கவுண்ட்டை வாடகைக்கு விடாதீங்க

இது நேரா ஸ்டூடண்ட்ஸுக்கு. "சும்மா இருக்குற அக்கவுண்ட்டைக் கொடு, ஏடிஎம் கார்டும் சிம்மும் சேர்த்துக் கொடு, சில ஆயிரம் தர்றேன்"னு சீனியரோ, டெலிகிராம் குரூப்போ கேட்கும். யாரோ ஏமாந்த பணம் கை மாறுறது அந்த மாதிரி அக்கவுண்ட்லதான். போலீஸ் பணத்தைத் தேடி வரும்போது முதல்ல கிடைக்கிறது உங்க பேரும் உங்க காலேஜ் அட்ரஸும். கேம்பஸ் இன்டர்வியூ நேரத்துல அக்கவுண்ட் முடங்கி, வேற மாநில போலீஸ் நோட்டீஸ் வந்து நிக்கிறதுக்கு அந்தக் காசு ஈடாகாது. அடுத்தவங்க திருடுறதுக்கு முன்னாடி நாமளே நம்ம அடையாளத்தை வித்துடக் கூடாது.

தினசரிப் பழக்கம்

- ரெண்டு அக்கவுண்ட் வைங்க. டீக்கடை, பஸ், ரீசார்ஜுக்கு யூபிஐ இருக்குற சின்ன அக்கவுண்ட். ஸ்காலர்ஷிப்பும் வீட்டுப் பணமும் யூபிஐ இல்லாத இன்னொரு அக்கவுண்ட்ல.
- பணம் வாங்க பின் நம்பர் தேவையில்ல. பின் கேட்டாலே பணம் வெளிய போகுதுன்னு அர்த்தம்.
- வீட்டுல பழைய நம்பரை விட்டுட்டா, வங்கியிலயும் ஆதார்லயும் மாத்துங்க. நிறுத்தின நம்பரை 90 நாளுக்கு அப்புறம் வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம். அப்புறம் உங்க ஓடிபி அவர் போனுக்குப் போகும்.
- பி.எம். கிசான், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகைன்னு எந்தப் பேர்ல வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைல் வந்தாலும் தொடாதீங்க.
- வங்கி இணையதளத்தோட முகவரி இப்போ "டாட் பேங்க் டாட் இன்"னு முடியணும். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கியும் மாறணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது.
- ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தா, எதுக்குக் கொடுக்குறீங்க, என்ன தேதின்னு குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. முடிஞ்சா கடைசி 4 எண் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் கொடுங்க.

அடுத்த வாரக் கடைசியில ஊருக்குப் போறவங்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. 1930-ஐ வீட்டுல எல்லார் போன்லயும் சேவ் பண்ணுங்க. வங்கியில எந்த நம்பர் இருக்குன்னு பாருங்க. ஆச்சி ஆதாருக்கு லாக் போடுங்க. சஞ்சார் சாத்தியில வீட்டு நம்பர் எல்லாத்தையும் ஒரு தடவை தட்டிப் பாருங்க. தெரியாத நம்பர் ஏதாவது வந்தா அன்னிக்கே ரிப்போர்ட் பண்ணிட்டுக் கிளம்புங்க.