வெற்று அட்டவணையும் மறையும் பெயர்களும்

எந்த எண்ணையும் சுழியால் பெருக்கினால் விடை சுழியே. நாம் இளம் வகுப்பில் கற்ற இவ்வுண்மை, கணிப்பொறியின் தகவல் தளத்திலும் ஆட்சி செய்கிறது. எப்படி என்று காண்போம்.

தகவல்களை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கும் முறையை, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970ஆம் ஆண்டில் விளக்கினார். இம்முறையில் இரண்டு அட்டவணைகளை இணைத்து ஒரு விடையைப் பெறலாம்.

ஒரு சுகாதார நிலையத்தில் இரண்டு அட்டவணைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று குழந்தைகளின் பதிவு. அதில் 3 நிரைகள். மற்றொன்று தடுப்பூசி போட்ட விவரம். அதில் 2 நிரைகள். இவற்றை இணைக்கும்போது, கொள்கையளவில், முதல் அட்டவணையின் ஒவ்வொரு நிரையும் இரண்டாவதன் ஒவ்வொரு நிரையோடும் சேர்கிறது. 3 × 2 = 6 சோடிகள் கிடைக்கின்றன. அவற்றுள் குழந்தையின் பதிவு எண் ஒத்திருப்பவை மட்டும் விடையாக நிற்கின்றன.

இனி, தடுப்பூசி முகாமின் முதல் நாளை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் அட்டவணையில் ஒரு நிரையும் இல்லை. 3 × 0 = 0. ஒரு சோடியும் உருவாகவில்லை. நிபந்தனையை எவ்வளவு தளர்த்தினாலும் பயனில்லை. சல்லடையில் இடத் தானியமே இல்லாதபோது கண்களைப் பெரிதாக்கி என்ன பயன்?

இங்கேதான் ஆபத்து உள்ளது. வெறுமையான விடையைக் கண்ட ஊழியர், ‘பதிவில் குழந்தைகளே இல்லை’ என்று எண்ணிவிடலாம். முகாம் நடந்து சில நிரைகள் சேர்ந்த பின்னரும், ஊசி போடாத குழந்தைகளே விடையிலிருந்து மறைவார்கள். நாம் தேடிச் செல்ல வேண்டியவர்களோ அவர்கள்தாம்!

இதற்குத் தீர்வு ‘இடப்புற வெளி இணைப்பு’. எஸ்.க்யூ.எல். மொழியின் 1992ஆம் ஆண்டுத் தர வரையறையில் இது இடம்பெற்றது. இம்முறையில் முதல் அட்டவணையின் எந்த நிரையும் விடுபடாது. இணை கிடைக்காத இடத்தில் ‘இன்மை’ என்னும் குறி இடப்படும். 3 குழந்தைகளும் விடையில் இருப்பர். ஊசி போட்ட தேதிக்கு எதிரே இன்மைக்குறி நிற்கும்.

இன்மை என்பது சுழி அன்று. ‘மதிப்பு இல்லை’ என்பதன் அடையாளம். ஆகவே எண்ணும்போது கவனம் தேவை. விடையின் நிரைகளை எண்ணினால் 3 வரும். தேதிகளை எண்ணினால் 0 வரும். போட்ட ஊசிகளின் தொகை இரண்டாவதே.

வெறுமையான விடை வந்தால், உடனே முடிவு கட்டாதீர்கள். எந்த அட்டவணை வெறுமையாக உள்ளது என்று முதலில் பாருங்கள்.