வாய்விட்டு யோசியுங்கள்!

டி.சி.எஸ். நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியில் 2009 முதல் 2023 வரை அடுத்தடுத்து அமர்ந்த இருவருமே திருச்சியில் படித்தவர்கள். மோகனூரில் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்த என்.சந்திரசேகரன், திருச்சி ஆர்.இ.சி.யில் 1986-ல் எம்.சி.ஏ. பட்டம் பெற்றார், மறு ஆண்டே டி.சி.எஸ்.ஸில் சேர்ந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த ராஜேஷ் கோபிநாதனும் அதே கல்லூரிதான். துவாக்குடியில் இருக்கும் அந்த ஆர்.இ.சி., 2003-ல் என்.ஐ.டி. ஆனது.

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்துவிட்டால் திருச்சி வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் ஃபார்மல் சட்டைக்குக் கிராக்கி. ஆன்லைன் தேர்வு, டெக்னிக்கல் ரவுண்டு, கடைசியாக ஹெச்.ஆர். முதலாவதில் தேறியவர்கள்கூட இரண்டாவதில் சறுக்குகிறார்கள். பாடம் தெரியாததால் அல்ல, பேசாததால்.

டெக்னிக்கல் ரவுண்டில் அடிக்கடி தலைகாட்டும் ரகக் கேள்வி ஒன்று: ஆயிரம் எண்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று மட்டும் இரண்டு முறை வருகிறது, கண்டுபிடி. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால், மோசமான நிலையில் 4,99,500 ஒப்பீடுகள். பார்த்த எண்களை ஹேஷ் டேபிளில் குறித்துக்கொண்டே போனால் ஆயிரம் படிகளுக்குள் வேலை முடியும். ஆனால் கூடுதலாக மெமரி பிடிக்கும். ‘மெமரி அவ்வளவு இல்லை என்றால்?’ என்று எதிரே இருப்பவர் கொக்கி போடுவார். வரிசைப்படுத்திவிட்டால் ஒரே மாதிரி எண்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றுவிடுமே! விடையைவிட, ஒரு வழியை விட்டு இன்னொன்றுக்கு ஏன் தாவினோம் என்று சொல்வதற்குத்தான் அங்கே மதிப்பு. நம் வகுப்பறையிலோ வாய் மூடி யோசிப்பவன்தான் நல்ல பிள்ளை!

வேலையில் சேர்ந்தபிறகும் கதை இதுதான். காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் நேற்று செய்ததையும் இன்று செய்யப்போவதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். எழுதிய புரோகிராமை ரிவ்யூவில் சக ஊழியர் குடைவார். பதில் சொல்லியாக வேண்டும்.

புரியும்படி எடுத்துச் சொல்லும் இந்தக் கலையில் ஸ்ரீரங்கத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. அங்கே வளர்ந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்த எஸ்.ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத வாசகனுக்கும் அதைப் பத்திரிகையில் தமிழில் புரியவைத்தவர். சிக்கலானதை எளிதாகச் சொல்வது பொறியாளனின் தகுதிகளில் ஒன்று என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

திருச்சிக்குள்ளேயே வேலை என்பது இன்னும் குறைவுதான். நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது, பஞ்சப்பூர் டைடல் பூங்காவுக்கு 2025-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனாலும் ஆஃபர் லெட்டர் கிடைத்தவர்களில் பலருக்கு இன்றும் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயிலேறுவதுதான் விதி.

இப்படிப் பேசும் பழக்கம் வரக் கல்லூரிகள் ஒன்று செய்யலாம். மாதிரி இன்டர்வியூவை முதலில் தமிழிலேயே வையுங்கள். சட்டையையும் ஆங்கில உச்சரிப்பையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போர்டு முன் நிற்கும் மாணவன் தான் யோசிப்பதைச் சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். அதையே ஆங்கிலத்தில் சொல்ல இறுதியாண்டு வரை காத்திருக்காமல், இரண்டாம் ஆண்டிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.