மயிலா, குரங்கா?



சொல் ஒன்று நாடு விட்டு நாடு செல்லும்போது அதன் பொருளும் உடன் செல்லும் என்றே எண்ணுகிறோம். சில வேளைகளில் சொல் எஞ்சி நிற்கப் பொருள் வழியில் தொலைந்துபோவதும் உண்டு. அவ்வாறு ஐயத்துக்கு உள்ளான எபிரேயச் சொல் ஒன்றைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன். அது நம் தமிழோடு உறவுடையது என்று சொல்லப்படுவது. ஆசிரியனாகிய எனக்கே ஒரு பாடம் கற்பித்ததுமாகும்.

யூதர்களின் மறைநூலும் கிறித்தவர்களின் பழைய ஏற்பாடுமாக விளங்கும் நூலில், சாலமோன் மன்னனின் செல்வச் சிறப்பைக் கூறும் பகுதி ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்த கப்பல்கள் பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு ஆகியவற்றோடு 'துக்கியீம்' என்பனவற்றையும் கொணர்ந்தன என்பது செய்தி. துக்கி என்பது ஒருமை; ஈம் என்பது பன்மை விகுதி. அரசர்கள் முதல் நூலின் 10ஆம் அதிகாரத்திலும், அதையே மீண்டும் கூறும் நாளாகமம் இரண்டாம் நூலின் 9ஆம் அதிகாரத்திலும் அன்றி, அம்மறைநூலில் வேறெங்கும் இச்சொல் வரவில்லை. இடருக்குக் காரணம் இதுவே. பல இடங்களில் வரும் சொல்லுக்கு இடம் நோக்கிப் பொருள் காணலாம். ஒரு பட்டியலில் மட்டும் நிற்கும் சொல்லுக்குச் சான்று கூற அண்டை அயலார் இல்லை.

பழைய மொழிபெயர்ப்பாளர்களும் இதில் ஒருமித்தாரில்லர். அரசர் நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், இவ்விடத்தில் செதுக்கிய கற்கள் என்று காண்கிறோம். இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் மயில்கள் என்றார். 1871இல் நிறைவுற்ற, பவர் ஐயர் தலைமையில் ஆக்கப்பெற்ற தமிழ் வேதாகமத்திலும் மயில்களே இடம்பெற்றன.

கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், துக்கி என்பது தமிழ்த் தோகையே என்று கூறினார். தோகை என்பது மயிலின் பீலியைக் குறிக்கும். சினையாகுபெயராய் மயிலையும் குறிக்கும். பெரும்பான்மையோர் அறிந்த நீல மயிலுக்குத் தாயகமும் இந்தியாவும் இலங்கையுமே. ஆகவே இக்கருத்து நம் உள்ளத்தை எளிதில் கவர்கிறது.

என்னையும் கவர்ந்தது. கடலூரில் பள்ளியாசிரியனாய் இருந்த இளமைக் காலத்தில், எபிரேய மறைநூலில் தமிழ்ச் சொல் இருக்கிறது என்று ஆண்டுதோறும் வகுப்பில் முழங்குவேன். ஒருநாள் மாணவன் ஒருவன் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றைக் கொண்டுவந்து, "ஐயா, இதில் மயில் இல்லையே, பபூன் என்றல்லவா இருக்கிறது?" என்றான். நாடகக் கோமாளியை நினைத்து வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "அது அச்சுப்பிழை, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவன் வினா எதுவும் கேட்கவில்லை.

அஃது அச்சுப்பிழையன்று என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். அமெரிக்க அறிஞர் ஆல்பிரைட், இச்சொல்லை எகிப்திய மொழியில் குரங்கினத்தைக் குறிக்கும் சொல்லோடு இணைத்துக் காட்டினார். அக்கருத்தை ஏற்றோர் பபூன் என்று பெயர்த்தனர். பட்டியலில் முன்னே நிற்பது குரங்கு. அடுத்து நிற்பது மற்றொரு குரங்கினமாய் இருத்தல் இயலாததன்று. மேலும், நமக்குக் கிடைத்துள்ள பழந்தமிழ் நூல்கள் சாலமோன் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவை என்பதையும் மறத்தலாகாது.

இன்றைய எபிரேயரைக் கேட்டால் ஐயம் தீராதோ என்பீர்கள். தீராது. இக்கால எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி! நம்மிடத்தும் நறுமணத்தைக் குறித்த நாற்றம் என்னும் சொல் இன்று எதைக் குறிக்கிறது? இன்றைய வழக்கைக் கொண்டு பண்டைய பொருளைத் துணிதல் பிழையாகும்.

இப்போது நான் சிதம்பரத்தில் வாழ்கிறேன். 1864இல் இவ்வூரில் சைவப் பள்ளி நிறுவிய ஆறுமுக நாவலரை அடிக்கடி நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இளமையில் அவர் பெர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழாக்கத்துக்குத் துணை நின்றார். அது 1850இல் வெளிவந்தது. தம் சமயத்துக்குரியதல்லாத நூலுக்கும் தம் புலமையை அவர் வழங்கினார். பின்னாளில் கிறித்தவத்தை அவர் வன்மையாக மறுத்ததும் நாம் அறிந்ததே. பிறர் நூலின் சொல்லையும் பொறுப்போடு ஆராய்தல் புலமையின் கடமை. என் மொழி என்னும் பற்றினால் தராசை நானே சாய்த்தது அக்கடமைக்குப் பொருந்துமா?

துக்கி என்பது தோகையே என்று கருத இன்றும் என் மனம் விழைகிறது. ஆனால் விழைவு வேறு, சான்று வேறு. இன்று வகுப்பில் நின்றால் மயிலுக்குரிய சான்றையும் குரங்குக்குரிய சான்றையும் கரும்பலகையில் அருகருகே எழுதுவேன். அந்த மாணவனையே முதலில் எழுந்து பேசச் சொல்வேன்.

நீங்களும் எந்நூலைப் படிப்பினும், ஒரு சொல்லுக்கு இதுவே பொருள் என்பார் கூற்றைக் கேட்டவுடன், "சான்று யாது?" என்று பணிவோடு கேளுங்கள். உங்களுக்கு உவப்பான விடை வரும்போது அவ்வினாவை இருமுறை கேளுங்கள்.