தண்ணீர் புகாத கார்ட்லெஸ் போன்: வணிகர் வீட்டில் வைப்பதும் பயன்படுத்துவதும்



"ஆளுக்கொரு செல்போன் இருக்கும்போது வீட்டுக்குத் தனியாக ஒரு போன் எதற்கு?" என்று நம்மைப் பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நமது தொழிலில் வீட்டுப் போனின் எண் வெறும் எண் அல்ல. கடையின் பெயர்ப் பலகையில் அது இருக்கிறது. பில் புத்தகத்தில் இருக்கிறது. வருடாவருடம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் காலண்டரிலும் இருக்கிறது. செல்போன் ஒருவரின் சட்டைப்பையோடு வெளியூர் போய்விடும். வீட்டுப் போன் வீட்டிலேயே இருக்கும். யார் எடுத்தாலும் ஆர்டர் வந்து சேரும். ஓ.ஒய்.டி. திட்டத்தில் பணம் கட்டிக் காத்திருந்து வாங்கிய எண்ணை இன்றுவரை விடாமல் வைத்திருக்கும் வணிகர்கள் நம்மில் பலர் உண்டு. நாமும் அவர்களில் ஒருவர்.

நமக்குத் தூத்துக்குடியில் கீழே கோடவுன், மாடியில் வீடு. கடை சாத்திய பிறகு வரும் ஆர்டர்களை நம் வீட்டம்மாதான் எழுதிவைப்பார். சமையற்கட்டில் ஈரக்கையோடு எடுத்த ஒரு கார்ட்லெஸ் போன் அரிசி களைந்த தண்ணீரில் விழுந்து போயிற்று. மொட்டைமாடியில் வற்றல் அள்ளும்போது தூறலில் நனைந்து இன்னொன்று போயிற்று. மூன்றாவதாகத்தான் தண்ணீர் புகாத வகையை வாங்கினோம். போன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்துகொண்டதால், நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவரின் நாற்பது மூட்டை அரிசி வீணாயிற்று. மற்றவர்களுக்கு அப்படி நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

இரண்டு உருப்படி, ஒரு போன்

கார்ட்லெஸ் போன் என்பது இரண்டு உருப்படிகள் சேர்ந்தது. ஒன்று பேஸ் என்னும் அடிப்பெட்டி. டெலிபோன் வயரும் கரண்ட் அடாப்டரும் இதில்தான் சேரும். மற்றொன்று கையில் எடுத்துப் பேசும் ஹேண்ட்செட். இரண்டுக்கும் நடுவே பேச்சு ரேடியோ அலையில் போய் வருகிறது.

பழைய கார்ட்லெஸ் போன்களில் நாம் பேசுவது சில சமயம் பக்கத்து வீட்டுக் கருவியில் கேட்டுவிடும். கொள்முதல் விலை வெளியே போய்விடுமோ என்று பயந்து பேச வேண்டியிருந்தது. இப்போது வருவது பெரும்பாலும் 'டெக்ட்' என்னும் டிஜிட்டல் முறை. 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட இந்த முறை நமக்கும் அந்நியமானதல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990-களில் இதே முறையை அடிப்படையாகக் கொண்டு 'கார்டெக்ட்' என்ற அமைப்பை உருவாக்கி, கம்பி இழுக்க முடியாத ஊர்களுக்கும் போன் கிடைக்க வழி செய்தார்கள்.

தண்ணீர் புகாதது என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் அது ஹேண்ட்செட்டுக்கு மட்டுமே. பேஸுக்கும் அடாப்டருக்கும் சார்ஜ் தொட்டிலுக்கும் அது பொருந்தாது. இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஐ.பி. எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

சரக்குக்குத் தரம் பார்ப்பதுபோல் இதற்கும் தரக் குறியீடு உண்டு. ஐ.பி. என்ற எழுத்துகளை அடுத்து இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தூசியைக் குறிக்கும். அது 6 என்றால் தூசி உள்ளே போகவே போகாது. மாவு, மிளகாய்த் தூள், உமித்தூசி பறக்கும் நம் கோடவுனுக்கு இந்த எண்ணும் முக்கியமே.

இரண்டாவது எண் தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சினாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். ஜெர்மனியின் கிகாசெட் நிறுவனத்து ஆர்650எச் ஹேண்ட்செட் ஐ.பி.65 தரத்தது. அதைக் குழாயடியில் காட்டிக் கழுவலாம். ஆனால் வாளியில் முக்கிச் சோதிக்கக்கூடாது. மேலும் இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், எண்ணெய் இவற்றுக்கு அந்த எண் உத்தரவாதம் ஆகாது.

அமெரிக்காவிலிருந்து வரும் போன் வேண்டாம்

பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஆசையாக வாங்கி வருவார்கள். தண்ணீர் புகாத கார்ட்லெஸ் போன்களில் பல அந்த நாட்டுச் சந்தைக்கென்றே செய்தவை. 'டெக்ட் 6.0' என்று போட்டிருந்தால் அது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் வேலை செய்யும். ஐரோப்பிய வகை 1880 முதல் 1900 வரை. நம் நாட்டில் 1920-க்கு மேற்பட்ட வரிசை செல்போன் கம்பெனிகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் நாம் போன் வைத்தால் சுற்றுவட்டாரத்தில் செல்போன் சேவைக்கு இடைஞ்சல் வரும், சட்டப்படியும் வம்பு. தவிர, 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த அடாப்டரை நமது 230 வோல்ட்டில் செருகினால் அன்றைக்கே புகைந்துவிடும். ஆகவே நம் நாட்டில் பயன்படுத்த அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டு, பில்லோடு வாங்குவதே நல்லது.

ஹேண்ட்செட்டை மட்டும் தனியாக வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வேறு கம்பெனி பேஸோடு சேர வேண்டுமானால் இரண்டிலும் 'கேப்' என்ற பொது முறை இருக்க வேண்டும். இருந்தாலும் பேசுவதும் எடுப்பதும்தான் நிச்சயம். பெயர்ப் பட்டியல் போன்ற மற்ற வசதிகள் வராமல் போகலாம்.

வீட்டில் வைக்கும் முறை

முதலில் பேஸுக்கு இடம். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், தண்ணீர் படாத சுவர் ஓரமாக வையுங்கள். இரும்பு பீரோ, பிரிட்ஜ், எண்ணெய் டின் அடுக்கு, இரும்பு ஷட்டர் இவை அலையை மறிக்கும். வைபை பெட்டியையும் மைக்ரோவேவ் அடுப்பையும் ஒட்டி வைக்க வேண்டாம். திறந்த வெளியில் 300 மீட்டர் வரை கேட்கும் என்பார்கள். வீட்டுக்குள் 50 மீட்டர் என்றுதான் கணக்கிட வேண்டும். கான்கிரீட் தளம் குறுக்கே வந்தால் இன்னும் குறையும்.

அடுத்து வயர். பழைய செம்புக்கம்பி இணைப்பானால் சுவர்ப் பெட்டியிலிருந்து நேராக பேஸுக்கு வரும். பைபர் இணைப்பானால் மோடத்தில் 'டெல்' அல்லது 'போன்' என்று எழுதிய துளையில் செருக வேண்டும். இன்டர்நெட் துளை சற்று அகலமாக இருக்கும். அதில் செருகினால் வேலை செய்யாது.

அதன் பிறகு பேட்டரி. பெரும்பாலும் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி இரண்டு இருக்கும். கடையில் விற்கும் சாதாரண பென்சில் செல்லை ஒருபோதும் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது அது ஒழுகும், வெடிக்கவும் கூடும். முதல் முறை புத்தகத்தில் சொன்ன நேரம் முழுவதும் சார்ஜ் ஏறவிட வேண்டும்.

கடைசியாக, ஹேண்ட்செட்டை பேஸோடு பதிவு செய்வது. பேஸில் உள்ள பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து, ஹேண்ட்செட்டின் மெனுவில் பதிவு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரகசிய எண் கேட்டால் பெரும்பாலும் 0000 இருக்கும். பதிவானதும் அந்த எண்ணை மாற்றிவிடுங்கள். ஒரே பேஸில் நாலு, ஐந்து ஹேண்ட்செட் வரை சேர்க்கலாம். கோடவுனில் ஒன்று, சமையற்கட்டில் ஒன்று வைத்தால் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் முடியும். அதற்குக் கட்டணம் இல்லை. எல்லாம் முடிந்தபின் ஹேண்ட்செட்டில் பேசிக்கொண்டே வீடு முழுக்கவும் கோடவுன் கடைசி மூலை வரையிலும் நடந்து பாருங்கள். எங்கே சத்தம் விட்டுவிட்டு வருகிறதோ, அந்த இடத்தில் நின்று ஆர்டர் எடுக்க வேண்டாம். 'ஏழு மூட்டை' என்பது 'எட்டு மூட்டை' ஆகிவிடும்.

தண்ணீரில் கவனிக்க வேண்டியவை

தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது பேட்டரி மூடியைச் சுற்றியுள்ள ஒரு மெல்லிய ரப்பர். குக்கருக்கு வாஷர் எப்படியோ, இதற்கு அது அப்படி. அதில் ஒரு தலைமுடியோ, ஒரு கடுகோ சிக்கினாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் ரப்பரைத் துடைத்து, நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூட வேண்டும். ஈரக்கையோடு மூடியைத் திறக்கக்கூடாது. எண்ணெய்க்கை பட்டால் அப்போதே துடைத்துவிடுங்கள். நாள்பட எண்ணெயில் ஊறினால் ரப்பர் பதம் கெடும். கீழே விழுந்து விரிசல் கண்ட ஹேண்ட்செட்டைத் தண்ணீர் புகாதது என்று நம்ப வேண்டாம்.

நனைந்த பிறகு குரல் அமுங்கிக் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. பேசும் துளையிலும் கேட்கும் துளையிலும் நீர் தங்கியிருக்கும். துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து உதறி, துணியால் ஒற்றி எடுத்தால் சரியாகும். முக்கியமாக, அடியிலுள்ள சார்ஜ் தகடுகள் நன்றாகக் காய்ந்த பிறகே தொட்டிலில் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் தகடு களிம்பேறி, சில மாதங்களில் சார்ஜ் ஏறாமல் போகும்.

நாம் பட்ட பாடு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. அன்றிரவு கரண்ட் போயிற்று. செல்போனில் சிக்னல் போயிற்று. நம் கையிலோ தண்ணீர் புகாத ஹேண்ட்செட். சொட்டச் சொட்ட நனைந்தும் விளக்கு எரிந்தது. "இந்த போன் இருக்க நமக்கென்ன கவலை" என்று இருந்துவிட்டோம். அதன் திரையில் 'பேஸ் இல்லை' என்று வந்ததை யாரும் கவனிக்கவில்லை. கரண்ட் போனதும் பேஸ் செத்துவிட்டது. பேஸ் இல்லாத ஹேண்ட்செட் வெறும் டார்ச் லைட்தான்.

அதே இரவில் நாலு தெரு தள்ளி இருக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர், எதிர்வீட்டுப் பழைய வயர் போனிலிருந்து நம்மை அழைத்திருக்கிறார். அவர் கடைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நமது லாரியோ மேட்டில் சும்மா நின்றது. தண்ணீர் வடிந்தபின் அவரைப் பார்க்கப் போனோம். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில், "ராத்திரி பத்துத் தடவை அடிச்சேன் அண்ணாச்சி. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆபத்துன்னு தெரிஞ்சே எடுக்காம இருந்துட்டீங்களே" என்றார்.

விஷயம் இதுதான். செம்புக்கம்பி இணைப்பில் நம் வீட்டு பேஸ் செத்திருந்தாலும், அழைப்பவர் காதில் எக்ஸ்சேஞ்சிலிருந்து மணிச் சத்தம் கேட்கும். நாம் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்றே அவர் நினைப்பார். நாற்பது மூட்டையின் நஷ்டத்தில் பாதியை நமது கணக்கில் எழுதிக்கொண்டோம். அவரும் பிறகு சமாதானமானார். ஆனால் அந்தக் கேள்வி இன்றும் நெஞ்சில் நிற்கிறது.

செய்ய வேண்டிய மூன்று காரியங்கள்

ஒன்று: கார்ட்லெஸ் எத்தனை உயர்ந்ததானாலும், கூடவே ஒரு சாதாரண வயர் போனையும் அதே இணைப்பில் மாட்டி வையுங்கள். செம்புக்கம்பி இணைப்பில் அந்தப் போனுக்கு வேண்டிய சுமார் 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வருகிறது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசலாம்.

இரண்டு: பைபர் இணைப்பானால் மோடத்துக்கும் கரண்ட் வேண்டும். ஆகவே மோடம், பேஸ் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் சேருங்கள். மோடத்துக்கென்று விற்கும் 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ்.ஸை, வோல்ட் பார்க்காமல் பேஸில் செருகாதீர்கள். பல பேஸ்களுக்கு அதைவிடக் குறைந்த வோல்ட்தான் வேண்டும்.

மூன்று: மாதம் ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். மணி அடிக்கிறதா, பேச முடிகிறதா என்று பாருங்கள். தராசைச் சரிபார்ப்பதுபோல் இதுவும் ஒரு பழக்கமாக வேண்டும்.

அந்த நல்ல போனை இன்றும் நாம்தான் வைத்திருக்கிறோம். வீட்டம்மா ஈரக்கையோடு ஆர்டர் எடுக்கிறார். பக்கத்தில் சிவப்பு நிற வயர் போன் ஒன்றும் இருக்கிறது. அழைத்தால் அண்ணாச்சி எடுப்பார் என்று வாடிக்கையாளர் நம்புகிற நம்பிக்கையே நமது முதல். அந்த முதலைக் காப்பாற்ற ஒரு வயர் போனின் விலை பெரிதல்ல.