மரவள்ளிக் கிழங்கின் நஞ்சும் அதனை நீக்கும் முறையும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டிலும், பின்னர் 1970களின் முற்பகுதியிலும் இந்நாட்டு மக்களின் பசியைத் தீர்த்த பயிர்களுள் மரவள்ளி முதன்மையானது. வளங்குன்றிய நிலத்திலும் விளையும் இப்பயிர் மாச்சத்து மிகுந்தது. ஆயினும், செவ்வனே சமைக்கப்படாத கிழங்கை உண்டோர் நோயுறுவதும், சிலவேளைகளிற் சிறுவர் உயிரிழப்பதும் உண்டு. இதற்குக் காரணம் இலினமரின் என்னும் பொருளாகும்.

இலினமரின் மூலக்கூறு ஒன்றிலே காபன் 10, ஐதரசன் 17, நைதரசன் 1, ஒட்சிசன் 6 என்றவாறு அணுக்கள் அமைந்துள்ளன. அதன் ஒரு பாகம் குளுக்கோசு என்னும் வெல்லம். மறு பாகத்திலே சயனைட்டுக் கூட்டம் பொதிந்துள்ளது. இவ்விரண்டும் பிணைந்திருக்கும் வரை செடிக்குத் தீங்கில்லை. கலத்தினுள்ளே சாறு நிறைந்த பையில் இலினமரினும், கலச்சுவரில் அதனைப் பிரிக்கவல்ல நொதியமும் இருக்கின்றன. வெடிமருந்தையும் நெருப்பையும் வெவ்வேறு அறைகளில் வைத்தாற் போன்ற ஏற்பாடு இது. பூச்சியோ விலங்கோ கடித்துக் கலங்கள் சிதைந்தவுடன் இரண்டுங் கலக்கின்றன. வெல்லம் பிரிந்துபோக, எஞ்சிய பாகம் அசற்றோனாகவும் ஐதரசன் சயனைட்டாகவும் சிதைகின்றது. பின்னையதே கொடிய நஞ்சு. உடற்கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்த உதவும் நொதியத்தை அது தடுத்துவிடுகின்றது. உடல்நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 0.5 முதல் 3.5 மில்லிகிராம் வரை உட்கொண்டால் மரணம் நேரலாம். ஆதலாற் சிறுவர்க்கு அபாயம் அதிகம்.

இவ்வமைப்பை அறிந்தோர்க்குச் சமையல் முறையின் காரணமும் விளங்கும். நொதியம் ஒரு புரதம். முட்டையின் வெண்கரு போலச் சூட்டினாற் கெட்டுவிடும். இலினமரினோ கொதிநீரையும் தாங்கும். பெருந்துண்டுகளைக் கொதிக்கும் நீரில் இட்டால் நொதியம் முன்னரே அழிய, இலினமரின் கிழங்கிலே தங்கிவிடும். இத்தவறே பெரிதும் நிகழ்வது. எனவே, நஞ்சு மிகுந்துள்ள தடித்த உட்தோலையும் முற்றாக நீக்கி, கிழங்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, நீரில் ஊறவிட்டு, அந்நீரை ஊற்றிவிடுக. பின்னர் நிறையக் குளிர்ந்த நீர் விட்டு, மூடாத பாத்திரத்தில் மெல்லெனச் சூடேற்றி அவித்தல் வேண்டும். ஐதரசன் சயனைட்டு 26 பாகை சதமவளவிலேயே கொதிப்பதால் ஆவியுடன் எளிதில் வெளியேறும். மூடியிட்டால் அது தடைப்படும். அவித்த நீரையும் வடித்து ஊற்றிவிடுக. இலினமரின் நீரிற் கரையும். இலையைக் கறியாக்குவோர் அதனை நன்கு இடித்த பின்னரே அவித்தல் வேண்டும். கிழங்கின் சதையிலும் இலையில் நஞ்சு அதிகம்.

மரவள்ளி உண்ணும் நாளில் இஞ்சியைத் தவிர்ப்பது எமது வீடுகளிற் பழைய வழக்கம். வழக்கத்தை விடவேண்டியதில்லை, ஆனால் இஞ்சியைத் தவிர்த்துவிட்டோம் என்று சமையலில் அசட்டையாயிருத்தல் ஆகாது. மீனோ பருப்போ சேர்த்து உண்பது நன்று. புரதத்திலுள்ள கந்தகத்தைக் கொண்டே உடல் சிறிதளவு சயனைட்டைத் தீங்கு குறைந்த தயோசயனேற்றாக மாற்றிச் சிறுநீரிற் கழிக்கின்றது.

கசப்பில்லாத இனங்களிலும் நஞ்சு முற்றாக இல்லையெனக் கொள்ளலாகாது. வறட்சியில் வளர்ந்த செடியில் அது மிகும். ஆடு மாடுகளுக்குப் பச்சை இலையை அவ்வாறே இடாது, நறுக்கி வெயிலில் உலர்த்திக் கொடுக்குக. மரவள்ளி உண்டபின் தலைசுற்றல், வாந்தி, விரைவான மூச்சு என்பன எவர்க்கேனும் தோன்றின், கைமருந்து செய்து காலந்தாழ்த்தாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.