உங்களுக்குத் தெரியுமா? கணக்கு வராத இணையம்

வைய விரிவலை என்ற யோசனை பிறந்தது 1989-இல், ஜெனீவா அருகே உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில். ஆனால் வலைப்பக்கங்களை எழுத அங்கே டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய எச்டிஎம்எல் மொழியில் ஒரு பின்னத்தைக்கூட ஒழுங்காக எழுத வழியில்லை! 1995-இல் எச்டிஎம்எல் 3.0 வரைவில் கணிதத்துக்கு இடம் தந்தார்கள். அந்த வரைவே கைவிடப்பட்டது.

1998-இல் மேத்எம்எல் என்ற தனிக் குறிமொழி வந்தது. அதில் அரை என்று எழுத, 'இது பின்னம், மேலே 1, கீழே 2' என ஒவ்வொன்றையும் தனித்தனிக் குறிகளுக்குள் அடைக்க வேண்டும். கையால் எழுதினால் பொறுமை போய்விடும். ஆனால் எது தொகுதி, எது பகுதி என்பது கணினிக்குத் தெரிவதால், பார்வையற்றோருக்கான திரைவாசிப்பானால் சமன்பாட்டைச் சரியாகப் படித்துக் காட்ட முடியும். படமாக ஒட்டிய சமன்பாட்டில் அதற்கு வழியில்லை; பெரிதாக்கினால் மங்கலும் ஆகும்.

ஃபயர்பாக்ஸ் உலாவி மேத்எம்எல்லைத் தொடக்கத்திலேயே ஏற்றது. கூகுள் குரோமோ 2013-இல் ஒரு பதிப்பில் சேர்த்து, அடுத்த பதிப்பிலேயே நீக்கியது! இடைக்காலத்தில் சமன்பாடுகளைக் காட்ட மேத்ஜாக்ஸ் போன்ற நிரல்களே கைகொடுத்தன. ஸ்பெயினின் இகாலியா நிறுவனப் பொறியாளர்களின் உழைப்பால், 2023 ஜனவரியில் வந்த குரோம் 109-இல் மேத்எம்எல் மீண்டும் இடம்பிடித்தது.